ஒரு தேக்கரண்டி சீனி

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணீருமாக நின்றுகொண்டிருந்தபோது மிஷன் கமிட்டி அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, அடுத்த மாசம் மிஷன் ஞாயிறு. நீங்கள் ஒரு பத்து நிமிசம் சாட்சி சொல்லவேணும். ஆபிரிக்காப் பிள்ளையளின்ட படம் நாலைஞ்சு இருந்தா திரையில போடலாம்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரவு வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் இருந்து போனைத் தடவிப் பார்த்தால், இரண்டு வருடத்துப் படங்களில் பிள்ளைகளின் படம் ஒன்றுகூட இல்லை. ஜெனரேட்டர் படம் மட்டும் பதினொன்று இருக்கிறது, ஏனென்றால் அது பழுதாகும் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து மெக்கானிக்குக்கு வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். சந்தையில் பாயில் காயும் கருவாடு. மழைக்கு ஆறாக மாறிவிட்ட ஒரு றோட்டு. மூடி தொலைந்த ஒரு சீனி டப்பா.

வார்டில் படம் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி, நல்ல விதி. உங்கள் பிள்ளை கொழும்பில் ஒரு கட்டிலில் வலிப்போடு கிடக்கும்போது எங்கிருந்தோ வந்த டொக்டர் ஒருவர் போனை நீட்டினால் விடுவீர்களா? அன்ரிக்கு இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். திரையில் ஜெனரேட்டரைப் போடவும் முடியாது. பத்து நிமிடத்துக்குள் அடங்காததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் மயக்க மருந்துப் பிரிவில் பத்து வருடம் வேலை செய்த மெடிக்கல் ஒபிசர். 2023 ஜனவரியில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு மலாவிக்குப் போனேன். நாட்டின் நடுப்பகுதியில், தார் றோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மிஷன் வைத்தியசாலை. பெயர் வேண்டாம். பிழை போன கதைகளும் வரப்போகின்றன, அவற்றில் பாதி என்னுடையவை.

நான் போன நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2022இல் இங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டுப் பார்த்தோம், பெற்றோல் வரிசையில் நின்றோம். என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் அங்கே டொக்டராக வேலை செய்வதற்கான பிளாப் சோதனை எழுதி இங்கிலாந்துக்கும், மிச்சப் பேர் அவுஸ்திரேலியாவுக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் லண்டனுக்குப் போகினம், நீ ஆபிரிக்காவுக்கா?" என்று வார்டில் சிரித்தார்கள். அதெல்லாம் பரவாயில்லை. என் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார், அதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது: "முல்லைத்தீவில டொக்டர் இல்லையெண்டு பேப்பரில போடுறாங்கள். அங்க போகாத நீ ஏன் மலாவிக்குப் போறாய்?" அழைப்பு, பாரம், ஜெபத்தில் கிடைத்த வார்த்தை என்று நம் ஆட்கள் சொல்லும் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பினேனா தெரியாது. போகவேண்டும் என்று இருந்தது, போனேன். அதற்கு மேல் நேர்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன பிறகு முதல் மாதத்திலேயே ஒன்று விளங்கிவிட்டது. மிஷனரி என்ற சொல் எனக்குப் பொருந்தவே இல்லை. இலங்கையில் நூற்றுக்கு எட்டுப் பேர்கூடக் கிறிஸ்தவர்கள் இல்லை, அதில் தமிழ் பேசும் புரொட்டஸ்தாந்துக்காரர் என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கலியாண மண்டபத்தில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். மலாவியிலோ நான்கில் மூன்று பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். காலை ஏழரைக்கு வேலை தொடங்கும்போது தாதிமார், லாப் பையன், தியேட்டர் கூட்டுபவர் எல்லோரும் நின்று நான்கு குரலில் பாடுவார்கள், பாட்டுப் புத்தகம் இல்லாமல். நம் சபையில் ஓர்கன் இல்லாவிட்டால் இரண்டாம் சரணத்திலேயே சுருதி இறங்கிவிடும். தியேட்டரில் கத்தி வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் ஜெபம் செய்வார். முதல் கிழமை என்னைச் செய்யச் சொன்னார்கள். பத்து வருடமாகத் தியேட்டரில் மொனிட்டரைத்தான் பார்த்துப் பழகியவள் நான். தமிழில் வருமா ஆங்கிலத்தில் வருமா என்று தடுமாறி இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அந்த அறையிலேயே பக்தி குறைந்த ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியில் இன்னொரு வேடிக்கை. தெருவில் பிள்ளைகள் வெள்ளைக்காரரைப் பார்த்தால் 'அஸுங்கு' என்று கத்துவார்கள். என்னைப் பார்த்தால் 'அம்வென்யே', அதாவது இந்தியக்காரி. அந்தப் பக்கத்துச் சின்ன டவுன்களில் துணிக்கடை, சாமான் கடை பல இந்திய வம்சாவளிக்காரர் கையில், அதனால் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி "உங்கள் கடை எங்கே?" என்பதுதான். கடை இல்லை, நான் டொக்டர், அதுவும் இலங்கை என்று விளக்கினால் "ஓ, சரி சரி, உங்கள் அப்பாவின் கடை எங்கே?" என்பார்கள்.

மலேரியாவுக்கு வருகிறேன். நம் நாட்டில் 1934, 35இல் மலேரியாவில் 80,000 பேர் அளவில் செத்தார்கள். பிறகு டீடீரீ என்ற நுளம்பு மருந்தை அடித்து அடித்து 1963இல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்து, முடிந்தது என்று கையை விட்டதும் சில வருடங்களில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அப்பாவுக்குத் தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தபோது நாலு தடவை வந்திருக்கிறது. குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது என்பார். உள்ளூரில் கடைசி நோயாளி 2012இல், மலேரியா இல்லாத நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2016 செப்டெம்பரில். ஆக என் தலைமுறைக் கொழும்பு டொக்டருக்கு மலேரியா என்பது சோதனைக் கேள்வி. பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க்ஸ் வாங்கியிருக்கிறேன். ஒரு நோயாளியைத் தொட்டதில்லை.

அங்கே மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. மழைக்காலம்தான் மலேரியாக் காலம். பட்டினிக் காலமும் அதுவேதான்: பழைய சோளம் முடிந்து புதுச் சோளம் இன்னும் முற்றாத மாதங்கள். பிள்ளைகளின் வயிறு காய்ந்திருக்கும் நேரம் பார்த்து நுளம்பும் பெருகும். நான் போய் மூன்றாம் கிழமை, இரவு பதினொன்றரை இருக்கும், ஒரு தகப்பன் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்தார். பின்னால் கரியரில் தாய், தாயின் முதுகில் சிதெஞ்சேத் துணியால் இறுக்கிக் கட்டிய மூன்று வயதுப் பையன். மத்தியானத்திலிருந்து வலிப்பு. மூன்று பேரும் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார்கள், பையனின் உடம்பு மட்டும் அடுப்புப் போலக் கொதித்தது.

எனக்கு மயக்க மருந்துப் பிரிவுப் பழக்கம், கை தானாக மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். தலையைச் சரித்துப் பிடித்தேன், எச்சிலை உறிஞ்சினேன், ஒக்சிஜன் வைத்தேன். அந்த ஒக்சிஜன் மெசின் காற்றிலிருந்து நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் பிரித்துத் தரும், அதை நாலாகப் பிரித்து நாலு பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது, இவன் ஐந்தாவது. டயசிபாம் கொடுத்து வலிப்பு நின்றது. நினைவு இல்லை. பிள்ளைகளின் மயக்க நிலையை ஐந்து புள்ளியில் அளப்பார்களே, அந்த அளவுகோல் உருவானதே மலாவியின் பிளன்டயர் நகரத்தில்தான், அதில் இவனுக்கு ஒன்று. மலேரியாச் சோதனையில் கோடு விழுந்தது. பன்னிரண்டு கிலோ, கிலோவுக்கு மூன்று மில்லிகிராம், 36 மில்லிகிராம் ஆர்ட்டிசுனேட், மலேரியாவுக்கான ஊசி மருந்து. தூளில் பைகாபனேற் ஒரு மில்லிலீற்றர் விட்டுத் தெளியும் வரை குலுக்கி, பிறகு ஐந்து மில்லிலீற்றர் சேலைன் சேர்த்து, அதில் 3.6 எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் வடிவாக நடக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, அதை ஒளிக்கப் போவதில்லை.

அப்போது பக்கத்தில் நின்ற சிஸ்டர், முப்பது வயதுகூட இருக்காது, மெதுவாகக் கேட்டார்: "டொக்டர், சுகர்?"

பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மனதில் வரவே இல்லை. கடும் மலேரியாவில் பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி விழும், அதுவே ஆளைக் கொல்லும் என்று சோதனைத் தாளில் மூன்றாம் வரியில் எழுதியவள் நான். சிஸ்டர் விரலில் குத்தினார், மெசினில் எண் வரவில்லை, 'லோ' என்று மட்டும் வந்தது. குளுக்கோஸ் ஏற்றுவோம் என்று திரும்பினால், ஆர்ட்டிசுனேட் போன அந்த ஒரே நரம்பு வீங்கிக் கிடக்கிறது. மற்றக் கையில் தேடினேன், காலில் தேடினேன். கொழும்பில் யாருக்கும் நரம்பு கிடைக்காவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கிடைக்கவில்லை.

அதற்குள் சிஸ்டர் தாதிமார் அறைக்கு ஓடிப்போய் தேத்தண்ணீருக்கு வைத்திருந்த சீனி டப்பாவோடு வந்தார். ஒரு தேக்கரண்டி சீனி, அதில் நாலைந்து சொட்டுத் தண்ணீர், குழைத்து அந்தப் பிள்ளையின் நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கி அடியில் வைத்தார். நான் பதறிவிட்டேன். நினைவில்லாதவனின் வாயில் எதையும் வைக்காதே என்பதுதான் பத்து வருடம் நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மூச்சுக்குழாய்க்குள் போனால் யார் பொறுப்பு? கையை நீட்டித் தடுக்கவும் செய்தேன். சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை, தாடையால் சுவரைக் காட்டினார். சுவரில் ஒட்டியிருந்த தாளில், நரம்பு கிடைக்காவிட்டால் நாக்கின் கீழ் சீனி என்று அச்சிலேயே இருந்தது. அது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலேயே உள்ளது. மூன்று கிழமையாக அந்தச் சுவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்தபடி இருந்தோம். சீனி கரைந்ததும் இன்னொரு கரண்டி. இருபது நிமிடம் கழித்துக் குத்தினால் 3.1. அங்கே மில்லிமோல் கணக்கு, நம் கணக்குக்குப் பதினெட்டால் பெருக்கவேண்டும், 56. அதற்குப் பிறகு நரம்பும் கிடைத்தது, அதையும் கண்டுபிடித்தது சிஸ்டர்தான். மூன்றாம் நாள் காலை நான் ரவுண்ட்ஸ் போகும்போது பையன் எழும்பி இருந்து தாயின் கையிலிருந்து ந்சிமா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ந்சிமா என்பது வெள்ளைச் சோள மாக் களி, நம் ஒடியற் பிட்டை விடக் கொஞ்சம் ருசி குறைவு, வயிற்றில் நிற்கும். என்னைக் கண்டதும் வாயைத் திறந்து அழத் தொடங்கினான். நாலு இடத்தில் குத்தியவளை வேறு எப்படிப் பார்ப்பான்.

எல்லாப் பிள்ளையும் மூன்றாம் நாள் எழும்பி இருக்கவில்லை. மார்ச்சில் ஒரு பெண் பிள்ளை வந்தாள், ஐந்து வயது, ஹீமோகுளோபின் 2.4. உள்ளங்கையைப் பார்த்தாலே தெரியும், காகிதம். இரத்த வங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அவளது வகை இல்லை. அங்கே பெரும்பாலும் சொந்தக்காரர்தான் இரத்தம் கொடுக்கவேண்டும். தகப்பனின் வகை பொருந்தவில்லை, மாமனின் இரத்தம் பரிசோதனையில் தேறவில்லை. கடைசியில் லாப் பையனே மேசையில் படுத்துத் தன் கையை நீட்டினான். அது அவனுக்கு அந்த வருடத்தில் இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ. பை நிறைந்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து தொங்கவிட்டோம். பாதிகூட இறங்கவில்லை.

தாய் சத்தம் போடவில்லை. சிதெஞ்சேயை உதறி, விரித்து, பிள்ளையைச் சுற்றி, முனைகளை உள்ளே செருகினார், வீட்டில் படுக்கை மடிப்பது போல. பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்கள் மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார்கள். சிச்சேவா மொழியில் 'பெபானி' என்று ஒரு சொல் உண்டு. மன்னிப்புக் கேட்கவும் அதுதான், இரக்கம் காட்டவும் அதுதான், தெருவில் ஒருவர் கால் இடறி விழுந்தால் எதிரில் வருபவர் சொல்வதும் அதுதான். நான் அதைத்தான் அந்தத் தாயிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு என் கையைத் தொட்டு "பெபானி, அடோகொதாலா" என்றார், டொக்டர் என்று. என்னிடம். நான் கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அதே மாதங்களில் நாடு முழுவதும் கொலராவும் இருந்தது, 1,700 பேருக்கு மேல் செத்த பெரிய பரவல். நடுவில் ஓட்டை வெட்டிய கன்வஸ் கட்டில், கீழே வாளி, சேலைன், சேலைன், சேலைன். அதைப் பற்றி எழுதக் கையில் தெம்பு இல்லை, இன்னொரு நாள் பார்ப்போம்.

சத்திரசிகிச்சைப் பக்கம் நடந்ததைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் "நீங்கள்தான் அங்க ஒப்பரேஷன் எல்லாம் செய்தீங்களோ" என்று கேட்கிறார்கள். இல்லை. மலாவியில் கிளினிக்கல் ஒபிசர் என்று ஒரு தரம் உண்டு. டொக்டர் பட்டம் கிடையாது, மூன்று வருடம் படித்து ஒரு வருடம் பயிற்சி எடுத்தவர்கள். நம் ஊரில் பழைய ஆட்கள் 'அப்போதிக்கரி ஐயா' என்பார்களே, அந்த இனம்தான். ஆனால் இவர்கள் சிசேரியன் செய்வார்கள், கருப்பை வெடித்ததைத் தைப்பார்கள், எலும்பு வைப்பார்கள். 2007இல் அங்கே வந்த ஓர் ஆய்வில் எண்ணிய 2,131 அவசரப் பிரசவச் சத்திரசிகிச்சைகளில் 88 வீதம் இவர்கள் செய்தவை. டொக்டர்மார் செய்தவற்றோடு ஒப்பிட்டால் விளைவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எங்கள் ஒபிசர் அம்மா ஒரே இரவில் மூன்று சிசேரியன் முடித்துவிட்டுக் காலைப் பாட்டுக்கும் வந்து நிற்பார். நான் முதுகில் ஊசி போட்டுக்கொடுப்பேன், அல்லது கெட்டமின், அவ்வளவுதான் என் பங்கு. கரண்ட் போய் மெசின் எல்லாம் செத்த நேரத்தில் கெட்டமின் ஒன்றுதான் தெய்வம்: மூச்சையும் நிறுத்தாது, பிரஷரையும் விழுத்தாது, நோயாளி மட்டும் எங்கோ போய்விட்டு வருவார். வந்து என்ன கண்டார் என்று சொல்வார்கள், சிலது பைபிளில்கூட இல்லாத காட்சிகள்.

ஒன்று எனக்குக் கடைசி வரை ஒட்டவில்லை. காசு. நமக்கு இலவச வைத்தியம் தாய்ப்பால் மாதிரி. அங்கேயும் அரச வைத்தியசாலை இலவசம், ஆனால் தூரம், மருந்தும் அடிக்கடி முடிந்துவிடும். மிஷன் வைத்தியசாலை மருந்து வாங்கவும் ஆட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு போடவும் கட்டணம் வாங்கித்தான் ஆகவேண்டும். தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் உண்டு, அந்தப் பில்லை அரசாங்கம் கட்டும், பல மாதம் பிந்தித்தான் கட்டும். மற்றவர்கள் கையிலிருந்து கொடுக்கவேண்டும். குடலிறக்கம் இறுகி வந்த ஒரு கிழவர் தைத்து முடிந்து போகும்போது கணக்குப் பிள்ளையின் ஜன்னலில் இரண்டு கோழியைக் கட்டிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்குப் பிள்ளைக்கு இல்லை, அவருக்கு அடுத்த மாதம் டீசல் வாங்கவேண்டும். நிர்வாகக் கூட்டத்தில் நான் ஏழைகளிடம் வாங்கக் கூடாது என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன், எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு ஒருவர் "சரி, எதை நிறுத்துவோம், டொக்டர் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடத்தில் திரும்பிப் போகிறவள் விலைப்பட்டியலைத் திருத்த நினைப்பது கொஞ்சம் ஓவர்தான்.

இந்த இடத்தில், அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷன் டொக்டர் கிறீன் ஐயா ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் அம்மம்மா பிறந்தது மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில், அதனால் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர் வீட்டில் ஒரு சொந்தக்காரர் மாதிரி. அவருக்கும் முன்னால் 1820இல் பண்டத்தரிப்பில் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் டொக்டர் வந்து வைத்தியம் பார்த்தார். கிறீன் அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்தார். 1873இல் உடம்பு முடியாமல் திரும்பிப் போனார். அவர் எத்தனை பேரைச் சுகப்படுத்தினார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பையன்களுக்கு வைத்தியம் படிப்பித்தார், அதுவும் பிறகு பிறகு தமிழிலேயே. முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலை தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் நிற்பதில்லை என்று கண்டு தமிழுக்கு மாறினார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார், கெமிஸ்ட்ரிக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். ஊருக்குப் போன பிறகும் விடவில்லை, 1884இல் சாகும் வரை அங்கிருந்தே தமிழ் நூல் வேலை. தன் கல்லறையில் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார், பொறித்தார்கள். அவர் வந்ததில் மதம் மாற்றும் நோக்கமும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை, சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலர் சும்மா கோபப்படவில்லை. (இருவரும் 1822இல்தான் பிறந்தவர்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.)

நான் மலாவியில் இருந்த இரண்டு வருடத்தில் சிச்சேவாவில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. 'கும்வா' என்றால் கேட்பதும் உணர்வதும் இரண்டும்தான் என்று பிடிபடவே நாலு மாதம் போனது. அதுவரை என்னிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஓம், கேட்கிறது, கேட்கிறது" என்று பதில் சொல்லியிருக்கிறேன். கடைசி ஆறு மாதம் மட்டும் சின்னதாக ஒன்று செய்தேன். ஒபிசர் பிள்ளைகள் நாலு பேருக்குக் கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் மயக்க மருந்து வகுப்பு. நெத்தலி மாதிரி ஒரு மீன், உசிபா என்பார்கள், அதைக் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பொரித்துக் கொண்டுபோவேன், வகுப்புக்கு வரவு குறையாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் இரண்டு பேர் இப்போது தனியாக முதுகு ஊசி போடுகிறார்கள். நான் இல்லாமல் தியேட்டர் ஓடுகிறது.

அன்ரிக்கு மனதில் இருக்கும் சாட்சி இதுவல்ல என்று எனக்குத் தெரியும். இருண்ட கண்டம், ஒரு தங்கச்சி போனாள், வெளிச்சம் வந்தது என்று ஒரு கதை வேண்டும், கடைசியில் காணிக்கைத் தட்டு. காணிக்கை எடுங்கள், நல்லது, குளுக்கோஸ் ஸ்ட்ரிப் வாங்கி அனுப்புவோம், அந்தப் பெட்டி ஒன்று எப்போதும் பற்றாக்குறைதான். ஆனால் அந்த இரவில் அந்தப் பையன் பிழைத்தது என்னாலல்ல என்பதையும் மைக்கில் சொல்லுவேன். பெரியம்மாவும் அன்றைக்குச் சபையில் இருப்பார்.

நேற்றிரவு சிஸ்டர் வட்ஸ்அப்பில் வந்தார். வழக்கமான நலம் விசாரிப்பு, மழை நேரத்துக்கு வந்துவிட்டதாம், ஸ்ட்ரிப் மறுபடி முடிந்துவிட்டதாம், புதுச் சீனி டப்பாவுக்கு மூடி இருக்கிறதாம். பிறகு நீண்ட நேரம் 'எழுதுகிறார்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டார்: இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கிறேன், ஆங்கிலச் சோதனை எடுத்துவிட்டேன், நீங்கள் ஒரு சிபாரிசுக் கடிதம் தருவீர்களா? ஆள் பிடிக்கக் கூடாத நாடுகள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 55 நாடுகளின் பட்டியலில் மலாவியும் இருக்கிறது. ஆனால் தானாகப் போகிறவரை அந்தப் பட்டியல் என்ன செய்யும். இரண்டு தம்பிமாரைப் படிப்பிக்கிறார், கிழவி ஒன்றைப் பார்க்கிறார், சம்பளம் எனக்குத் தெரியும். நான் யார் போகாதே என்று சொல்ல? சம்பளமில்லாத லீவில் போய், வேலையும் வீடும் அப்படியே இருக்கத் திரும்பி வந்து, இப்போது கடல் காற்றில் இருந்து டைப் அடிப்பவள்.

பல்கனியில் இருந்தே கடிதம் எழுதினேன். திறமையானவர், நேரம் தவறாதவர், அவசரத்தில் நிதானம் இழக்காதவர். நடுவில் அந்தச் சீனியைப் பற்றி ஒரு வரி எழுதினேன். லண்டனில் குளிரூட்டிய அறையில் இருந்து வாசிக்கும் ஆளுக்கு இது என்ன விளங்கும் என்று அழித்தேன். கீழே கடைசி ரயில் பாணந்துறைப் பக்கம் போனது. மறுபடி அந்த வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.